நூறடி தூரத்து உதடுகள்

கூட்டம் மறுநாள் காலையில்தான். ஆனாலும் குணவதி முந்தின நாள் மதியம் இரண்டு மணிக்கே மண்டபத்துக்கு வந்துவிட்டாள். கோயம்புத்தூரில் புதிதாகக் கட்டிய மண்டபம் அது. இருநூறு நாற்காலிகள், ஒரு மேடை, பின்பக்கச் சுவர் இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒரு காபிக்கடை. மேடையின் ஓரத்தில் அவளுக்கென்று போட்டிருந்த மேசையில் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மூன்று போன்கள், மூன்று ஸ்டாண்டுகள், பெரிய திரைக்குப் போகும் நீளமான கேபிள், அது மக்கர் செய்தால் மாற்ற இன்னொரு கேபிள், மண்டபத்து வைஃபையை நம்பாமல் சொந்தமாக ஒரு ரௌட்டர், கறுப்பு டேப், கத்தரிக்கோல், மைக்குக்கு நான்கு பேட்டரி.

பதினோரு வருடமாக இதுதான் அவள் வேலை. கம்பெனி உருவாக்கும் ஆப்பை மேடையில் ஒருவர் காட்டிப் பேசி கைதட்டல் வாங்குவார். அந்தப் பத்து நிமிடமும் போன் சூடாகி அணைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது குணவதியின் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மருத்துவ ஆப்பைக் காட்டிக்கொண்டிருந்தபோது, 'கத்திரிக்காய் மறக்காதீங்க' என்று முதலாளியின் மனைவி அனுப்பிய செய்தி பெரிய திரையில் வந்து மண்டபமே சிரித்தது. அன்றைக்கு முடிவு செய்தாள், இனி தன் கையில் ஒரு டெமோவும் அசிங்கப்படக்கூடாது என்று. அதற்குப் பிறகு ஒன்றும் அசிங்கப்படவில்லை.

மூன்று போன்களிலும் எல்லா அறிவிப்புகளையும் நிறுத்தினாள். திரையின் வெளிச்சம் தானாகக் கூடிக் குறையாமல் பூட்டினாள். முதல் போன், இரண்டாவது போன் என்று டேப்பில் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தபோது சம்பத்குமார் வந்தார். கம்பெனியின் முதலாளி. கையில் செருப்புப் பெட்டி அளவுக்கு ஒரு அட்டைப்பெட்டி.

"குணவதி, இந்த லென்ஸை மூணாவது போன்ல மாட்டுங்க. கடைசி வரிசையில உக்காந்திருக்கறவர் என்ன பேசறாருன்னு மேடையில இருந்தே படிக்கணும்."

"எதுக்கு சார்? நாம காட்டறது பேங்க் கவுண்டர்தானே? மூணடி தூரந்தான் வரும்."

"நாளைக்கு வர்றவங்க பெரிய ஆளுங்க. தூரத்துல இருந்து படிச்சுக் காட்டினாத்தான் அசந்து போவாங்க. செட் பண்ணி வெச்சிருங்க. தேவைப்பட்டாப் பாத்துக்கலாம்."

அவர் பெட்டியை வைத்துவிட்டுக் காபிக்கடைப் பக்கம் போனார்.

ஆப்பின் பெயர் 'இதழ்'. பேசுகிறவரின் முகத்துக்கு நேராகப் போனைக் காட்டினால், உதடு அசைவதை மட்டும் பார்த்து, அவர் பேசுவதைத் தமிழில் எழுதிக் காட்டும். சத்தமே வேண்டாம். காது கேளாதவர்களுக்காக என்று மூன்று வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்த வேலை. அதற்கு உயிர் கொடுத்தவன் இளங்கீரன். ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து அவனுக்குக் காது போனது. பேச்சு போகவில்லை. ஏற்ற இறக்கம் இல்லாமல், கொஞ்சம் உரக்கப் பேசுவான். எதிரே நிற்பவரின் வாயைப் பார்த்தே முக்கால்வாசி புரிந்துகொள்வான்.

"முக்கால்வாசி எப்படிப்பா?" என்று ஒருமுறை கேட்டிருந்தாள் குணவதி.

"பாடுன்னு சொல்லுங்க. மாடுன்னு சொல்லுங்க. உங்க உதட்டுல ரெண்டும் ஒண்ணுதான்க்கா. முன்னாடி பின்னாடி வர்ற பேச்சை வெச்சு நான் ஊகிக்கணும். ஊகிக்கறதுக்குள்ள நீங்க நாலு வார்த்தை தாண்டிப் போயிருப்பீங்க. மெஷின் தாண்டவிடாது."

மெஷினுக்கு அதைக் கற்றுக்கொடுக்க வாய்கள் தேவைப்பட்டன. அலுவலகத்தில் ஐம்பது பேரைப் பேசவைத்துப் படம்பிடித்தார்கள். எல்லாரும் உதட்டுக்குள் முணுமுணுத்தார்கள், மெஷின் திணறியது. அப்போதுதான் இளங்கீரனுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனிப் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். நூறு தையல் மெஷின்கள் ஓடும் கூடத்தில் பக்கத்தில் இருப்பவள் கத்தினாலும் காதில் விழாது. வருடக்கணக்கில் அங்கே உட்கார்ந்து தைக்கும் பெண்கள் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசப் பழகியிருந்தார்கள். கை துணியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். உதடு மூன்று மெஷினுக்கு அப்பால் இருப்பவளிடம் மாமியாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் குணவதியும் அவனும் கேமராவைத் தூக்கிக்கொண்டு திருப்பூருக்குப் போனார்கள். மயிலாத்தா என்ற நாற்பத்தைந்து வயதுத் தையல்காரி தன் லைனில், அதாவது தன் தையல் வரிசையில் இருந்தவர்களையும் பக்கத்துக் கம்பெனிப் பெண்களையும் ஒரு பள்ளிக்கூட அறைக்குக் கூட்டி வந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒரே வாக்கியத்தைப் பத்துத் தடவை சொல்லச் சொன்னபோது ஒருத்தி அலுத்துக்கொண்டாள்.

மயிலாத்தா அவளை அதட்டினாள். "காது கேக்காத புள்ளைகளுக்குங்கறாங்க. சொன்னா வாயா தேஞ்சு போயிரும்? சொல்லு."

அந்த இருநூற்றுப் பன்னிரண்டு வாய்களால்தான் இதழுக்குப் படிக்க வந்தது.

குணவதி லென்ஸை மூன்றாவது போனில் பொருத்தினாள். அதைச் சோதிக்கத் தூரத்தில் பேசுகிற ஒரு முகம் வேண்டும். மண்டபம் காலி. கண்ணாடிக்கு அந்தப்பக்கம், காபிக்கடையில், சம்பத்குமார் யாரோ ஒருவருடன் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தடித்த உருவம். மேடையிலிருந்து நூறடி இருக்கும். போன் திரையில் பொட்டு அளவுக்கு இரண்டு தலைகள். லென்ஸைத் திருகினாள். தலைகள் பெரிதாகி, தெளிவாகி, சம்பத்குமாரின் மீசையில் ஒட்டியிருந்த காபி நுரை வரைக்கும் தெரிந்தது. திரையின் அடியில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. நிச்சயமான சொற்கள் கறுப்பில், சந்தேகமான சொற்கள் சாம்பல் நிறத்தில். அநேகமாக எல்லாமே கறுப்பு.

நல்லா வேலை செய்யுது என்று முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. அப்புறம்தான் எழுதியிருப்பதைப் படித்தாள்.

"மைக் வெச்சா மெஷின் சத்தத்துல ஒண்ணும் விளங்காதுங்க. இது வாயைத்தான் பாக்கும். நூறு மெஷின் ஓடினாலும் கவலையில்லை." இது சம்பத்குமார்.

"லைன்ல நாள் பூரா வாயசைச்சுட்டே இருக்காளுக. போன தீவாளிக்கு முன்னாடி அத்தனை பேரும் ஒரே நிமிசத்துல மெஷினை நிறுத்திப்போட்டாளுக. ஆரம்பிச்சவ யாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல." இது வேட்டிக்காரர்.

"இனிமேப் பேரோட தெரியுங்க. சங்கம், ஸ்டிரைக், இந்த மாதிரி வார்த்தை வந்தா உங்க போனுக்குத் தனியா மெசேஜ் வரும்."

"அவளுக பேசறது ஒரு தினுசா இருக்குமே. புரியுமா?"

"அதெல்லாம் புரியும். அவங்க வாயை வெச்சுத்தான் இதைப் பழக்கியிருக்கோம்."

குணவதி லென்ஸின் மேல் மூடியைப் போட்டாள். மூடி தவறிக் கீழே விழுந்து உருண்டது. குனிந்து எடுத்தவள் எழுந்திருக்காமல் மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான்கு மணிக்கு இளங்கீரன் வந்தான். மறுநாள் மேடையில் வைக்க, 'வங்கி கவுண்டர்' என்று எழுதிய பலகையைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் பலகையைக் கீழே வைத்தான்.

அவள் அவன் கண்ணுக்கு நேராக நின்று, நிதானமாக, தான் படித்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகம் மாறும், கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் பார்வை மட்டும் மெதுவாகத் தாழ்ந்தது.

"கீரா, என்னப் பாரு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுக்கா. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"சார் ரூம் கண்ணாடி ரூம். என் சீட் அதுக்கு எதிர்ல. கதவைச் சாத்திட்டாப் போதும், யாருக்கும் கேக்காதுன்னு அவருக்கு நெனப்பு." அவன் குரல் காலி மண்டபத்தில் உரக்க ஒலித்தது. "சித்திரை மாசத்துல இருந்தே தெரியும்."

"அஞ்சு மாசமா?"

அவன் தலையாட்டினான்.

"தெரிஞ்சுமா வேலை பாத்தே? மயிலாத்தாக்கா கையால டீ வாங்கிக் குடிச்சமேடா!"

"இந்த முதலாளிங்க வாங்கலைன்னா இதழை மூடிருவாங்கக்கா. காது கேக்காதவனுக்குன்னு மட்டும் யாரும் ஆப் நடத்த மாட்டாங்க. என் பொண்ணுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்துருச்சு. அவ வாயை என்னால படிக்க முடியல. ரெண்டு மாசம் அவ பேசப்பேச நான் சும்மா தலையாட்டிட்டு இருந்தேன். ஒரு நாள் அவளே கண்டுபிடிச்சுட்டா. 'அப்பா பொய்யா தலையாட்டறே'ன்னு. இப்ப இந்த போன்ல படிக்கறேன். ஒரு வார்த்தை விடாம படிக்கறேன்." நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான். "நான் என்னக்கா பண்றது? சொல்லுங்க."

அவள் குனிந்து பலகையின் ஒரு முனையைப் பிடித்தாள். இருவருமாக அதை மேடையேற்றினார்கள். அது கொஞ்சம் சாய்ந்திருந்தது. இளங்கீரன் அடியில் அட்டையை மடித்து வைத்து நேராக்கினான்.

அன்று மாலை வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் குணவதி எல்லா வழிகளையும் யோசித்துப் பார்த்தாள். கேபிளைப் பிடுங்கிவிடலாம். போனைச் சூடாக்கி அணைய விடலாம். டெமோ கெட்டுப்போனால் இன்னொரு நாள் வைப்பார்கள். அல்லது இதழே நின்றுபோகும், இளங்கீரன் மறுபடியும் மகளிடம் பொய்யாகத் தலையாட்டுவான். அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று தோன்றியது. டெமோ கெட வேண்டாம். மிக நன்றாக நடக்கட்டும்; வங்கிக்காரர்கள் வாங்கினால் இதழ் பிழைக்கும். தன் வாயை இன்னொருவர் படித்தால் எப்படி இருக்கும் என்று நாளை வரும் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு நிமிடம் தெரியட்டும். தெரிந்தால் கூசிப்போவார்கள். கூசினவர் அதை வாங்கமாட்டார்.

மறுநாள் வங்கிக்காரர்களும் கம்பெனி முதலாளிகளுமாக மண்டபம் நிரம்பியிருந்தது. நேற்றுப் பார்த்த வேட்டிக்காரர் முதல் வரிசையில் நடுவில் இருந்தார். விசாகமூர்த்தி என்று அவர் பெயரைச் சொல்லி வரவேற்றார்கள். ஆயிரம் பேர் வேலை செய்யும் ஏற்றுமதி கம்பெனி அவருடையது. மேடையில் இளங்கீரன் வங்கி கவுண்டரின் முன்னால் நின்றான். கவுண்டருக்குப் பின்னால் ஒரு பெண் சத்தமில்லாமல் பேசினாள். அவள் பேசியது பெரிய திரையில் பளிச்சென்று ஓடியது. அவன் பதில் சொன்னான். கைதட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

விசாகமூர்த்தி பக்கத்து நாற்காலிக்காரர் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். குணவதி மூன்றாவது போனை அவர் பக்கம் திருப்பினாள். அதன் படத்தைப் பெரிய திரைக்கு மாற்றினாள்.

திரை முழுக்க அவர் முகம். கீழே எழுத்து: "வெளிநாட்டுக்காரன் ஆடிட்டுக்கு வர்ற அன்னைக்கு மட்டும் கேமராவைக் கழட்டி வெச்சுக்கலாம். லேபர்காரிகளுக்குத் தெரியவா போகுது?"

மண்டபம் சட்டென்று அடங்கிப்போனது. விசாகமூர்த்தி நிமிர்ந்தார். தன் முகத்தைத் தானே பார்த்தார். எழுத்தைப் படித்தார். அவர் காதுமடல் சிவந்தது. கை தானாக எழும்பி வாயை மூடியது. அந்தக் கையைக் குணவதி பார்த்தாள். போதும், புரிந்துவிட்டது என்று நினைத்தாள்.

பின்னாலிருந்து யாரோ சிரித்தார். இன்னொருவர் கைதட்டினார். பிறகு மண்டபமே தட்டியது. வங்கி கவுண்டருக்குத் தட்டியதைவிட இரண்டு மடங்கு. விசாகமூர்த்தியும் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். எழுந்து நின்று திரையைக் காட்டி, "அடேங்கப்பா! எம் பக்கத்துல இருக்கறவருக்கே சரியாக் கேக்கலீங்க!" என்றார்.

மதியம் சாப்பாட்டுக்கு முன்னாலேயே நான்கு கம்பெனிகள் கையெழுத்துப் போட்டன. சம்பத்குமார் அவள் மேசைக்கு வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எனக்கே தோணல குணவதி. நான் ஒரு மணி நேரம் பேசினாலும் அந்த ஆளு தலையாட்டிட்டுப் போயிருப்பாரு. நீங்க அரை நிமிசத்துல முடிச்சுட்டீங்க."

அவள் கேபிளைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். சுருட்டி முடித்ததை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளும் இளங்கீரனும் திருப்பூருக்குப் போனார்கள். மயிலாத்தா வேலை பார்ப்பது விசாகமூர்த்தியின் கம்பெனியில்தான் என்பது அதற்குள் தெரிந்திருந்தது. நான்தான் சொல்வேன் என்று இளங்கீரன் பிடிவாதமாக இருந்தான். மயிலாத்தா குடியிருந்த லைன் வீட்டின் வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற தன் குரலில், எல்லாவற்றையும் சொன்னான். அஞ்சு மாசமாகத் தெரியும் என்பதையும் சொன்னான். மயிலாத்தா ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். திட்டவில்லை. "செரி கண்ணு, போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை அவன் வேலையை விட்டான். கம்பெனி போனை குணவதியிடம்தான் ஒப்படைத்தான். அவள் அதை வாங்கத் தயங்கினாள்.

"பரவால்லக்கா," என்றான். "பாப்பாவுக்குப் பல்லு முளைக்குது. சமாளிச்சுக்குவேன்."

குணவதி வேலையை விடவில்லை. விட்டால் கேமராவைப் பொருத்த வேறு ஆள் போவான், சரியாகப் பொருத்திவிடுவான். தான் போனால் லென்ஸை ஒரு விரற்கடை தரையைப் பார்க்கத் திருப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். ஒரு மாதம் கழித்து, எட்டு கேமராக்களுடன் விசாகமூர்த்தியின் தையல் கூடத்துக்குள் நுழைந்தாள்.

மெஷின் சத்தம் முகத்தில் அறைந்தது. நீளமான ஆறு வரிசைகள், வரிசைக்குப் பதினாறு பெண்கள். அத்தனை பேரும் மூக்கையும் வாயையும் மறைத்து முகமூடி கட்டியிருந்தார்கள். வெட்டுத்துணியில் அவர்களே தைத்துக்கொண்டது; பச்சை, ஊதா, கோடு போட்டது, பூப்போட்டது. ஒரு கேமராவைப் பொருத்தி ஓடவிட்டுப் பார்த்தாள். திரையில் வரிசை வரிசையாக ஒரே பதில்தான் வந்தது: 'உதடு தெரியவில்லை.' லென்ஸைத் திருப்பக்கூட வேண்டியதில்லை. அவளுக்கு வாய்விட்டுச் சிரிக்கவேண்டும் போல இருந்தது.

கூடத்தின் மேனேஜர் அவள் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தார். அவர் முகம் கோணும் என்று காத்திருந்தாள். அவரும் சிரித்தார். காதருகே வந்து கத்தினார்.

"மூக்குல பஞ்சு போகுது, முகமூடி போடுங்கன்னு பத்து வருசமாத் தொண்டை கிழியச் சொல்லியிருக்கேனுங்க. ஒருத்தி போடமாட்டா. இப்பப் பாருங்க! கேமரா வருதுன்னு தெரிஞ்ச நாள்ல இருந்து அவளுகளே போட்டுக்கிட்டாளுக."

"அப்ப இது படிக்காதுங்க," என்று அவளும் கத்தினாள். "முதலாளிகிட்ட சொல்லிருங்க. பிரயோஜனமில்ல."

"பிரயோஜனமில்லையா? ஒரு மாசமா லைன்ல பேச்சே இல்லீங்க. ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்கறதில்ல. தலையைக் குனிஞ்சா மதியம் வரைக்கும் துணிதான். மொதலாளி சொல்லிட்டாரு, மாட்டி வெச்சாப் போதும், ஆன்கூடப் பண்ண வேண்டாம்னு."

குணவதி அப்போதுதான் கூடத்தைச் சரியாகப் பார்த்தாள். நாலு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓயாமல் பேசிச் சிரித்து அவளைப் படமெடுக்க விடாமல் படுத்திய முகங்கள். பச்சைத் துணிக்கும் ஊதாத் துணிக்கும் மேலே கண்கள் மட்டும் இருந்தன. ஒரு கண்ணும் ஊசியைவிட்டு நிமிரவில்லை. முகமூடி கேமராவிடமிருந்து அவர்கள் வாயை மறைத்தது. ஒருத்தியிடமிருந்து இன்னொருத்தியின் வாயையும் மறைத்துவிட்டது.

டீ இடைவேளையில் மயிலாத்தாவைத் தேடிப்போனாள். தண்ணீர்த் தொட்டியோரம் தனியாக நின்றுகொண்டிருந்தாள். குணவதியைக் கண்டதும் முகமூடியைத் தாடைக்கு இறக்கினாள். ஒரு மாதத்தில் கன்னம் வற்றியிருந்தது.

"அக்கா, நாங்க சொன்னது நல்லதுக்குன்னுதான்..." என்று குணவதி ஆரம்பித்தாள்.

"தெரியும் அம்மிணி. உன்மேல கோவமில்ல." மயிலாத்தா தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பினாள். "எம் பக்கத்து மெஷின் வள்ளிக்குப் போன வாரம் கரு கலைஞ்சு போச்சு. மூணு நாள் எம் பக்கத்துலயே உக்காந்து தெச்சிருக்கா. எனக்குத் தெரியாது. நேத்துத்தான் இன்னொருத்தி சொல்லித் தெரிஞ்சுது."

குணவதி கூடத்து வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா, மாட்டிக்கற வரைக்குமாச்சும் பேசிட்டு இருந்திருப்போம்," என்றாள் மயிலாத்தா.

மணி அடித்தது. அவள் முகமூடியை ஏற்றிக் கட்டிக்கொண்டு கூடத்துக்குள் நடந்தாள். வாசலில் ஒரு தடவை திரும்பி ஏதோ சொன்னாள். துணி அசைந்தது தெரிந்தது. அதற்குள் மெஷின்கள் ஓடத் தொடங்கிவிட்டன. என்ன சொன்னாள் என்று குணவதிக்குப் புரியவில்லை.